விளிம்பு வரை தேநீர்

பேச்சுவார்த்தை மேசையில் என் நாற்காலி
அமைச்சருக்கு அரையடி பின்னால்.
இருபத்திரண்டு வருடத்தில்
எனக்கு முன்னால் வந்துபோன பிடரிகள் பதினொன்று.
ஒன்றில் மச்சம். ஒன்றில் அவசரமாய் மழித்த கீறல்.

எதிர்ப்பக்கம் சுவரில் ஒரே படம்.
ஆண்டுக்காண்டு புதிதாய் மாட்டினார்கள்,
படத்தில் இருப்பவருக்கு
வயது குறைந்துகொண்டே வந்தது.

கணக்கு எளியது.
எங்களிடம் மலையும் அணையும்,
அவர்களிடம் பருத்தியும் எரிவாயுவும்.
கோடையில் நாங்கள் மதகு திறக்கவேண்டும்,
குளிரில் அவர்கள் குழாய் திறக்கவேண்டும்.
குழந்தைகூட ஒப்புக்கொள்ளும்.
குழந்தைகளை யாரும் அனுப்புவதில்லை.

எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள்
"நாடாளுமன்றம் விடாது" என்பார்கள்.
மொழிபெயர்ப்பேன். எதிரே சிரிப்பார்கள்:
"உங்கள் வீட்டில் எல்லோருமே மாமியாரா?"
சிரித்து முடித்த பிறகு
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.
கட்டிப்போட்ட கைதான்
பேரத்தில் கனமான கை என்று
மெள்ளத்தான் புரிந்தது எனக்கு.

அவர்களுக்குக் கட்டு எதுவுமில்லை.
நாங்கள் எட்டு மாதம் கத்தித் தீர்ப்பதை
ஒரு தலையசைப்பில்
மதியச் சாப்பாட்டுக்குள் முடிப்பார்கள்.
பொறாமையாகத்தான் இருக்கும்.
ஆனால் முடியாது என்று சொல்ல ஆளில்லாத வீட்டில்
சரி என்ற சொல் எத்தனை பலம்?
நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது.

அவர்கள் மொழிபெயர்ப்பாளர் யோல்கின்.
இரு அமைச்சர்களுக்கும் ருஷ்ய மொழி நன்றாகத் தெரியும்;
கௌரவத்துக்கு எங்களை வைத்திருந்தார்கள்.
மேசையில் இளையவர் தேநீர் ஊற்றுவது முறை.
தலை நரைத்த பிறகும் யோல்கினே ஊற்றினார்.

அங்கே விருந்தாளிக்கு
பாதிக்கும் குறைவாய் ஊற்றுவதுதான் மரியாதை.
இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று பொருள்.
விளிம்பு வரை ஊற்றினால்
குடித்துவிட்டுக் கிளம்பு.

அந்த நவம்பரில் எல்லாம் இனித்தது.
நட்பு என்றார் அவர்கள் அமைச்சர். சகோதரர்கள் என்றார். பொது ஆறு என்றார்.
ஒரு சொல் சிந்தாமல் மொழிபெயர்த்தார் யோல்கின்,
மொழிபெயர்த்தபடியே
என் கோப்பையை நிரப்பினார்.
நிரப்பிக்கொண்டே இருந்தார்.
தேநீர் விளிம்பைத் தாண்டிப் புடைத்து நின்றது.
அவர் கண் நிமிரவில்லை.

நிறைகுடம் தளும்பாது.
என் கை தளும்பியது.

இடைவேளையில் அமைச்சரிடம் சொன்னேன்.
"ஒரு கோப்பைத் தேநீரை வைத்து
அவையில் என்னம்மா பேசுவேன்?"
நியாயம்தான்.
ஆனாலும் நிலக்கரிக்குப் பணம் ஒதுக்கினார்.
வீண்செலவு என்று எதிர்க்கட்சி கிழித்தது,
பத்திரிகைகள் கிழித்தன,
அவர் மைத்துனரே தொலைக்காட்சியில் கிழித்தார்.
எல்லாம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.
ஜன்னலைத் திறந்துவைத்துச் சண்டைபோடும் குடும்பம் நாங்கள்.

ஜனவரி ஒன்பதில் எரிவாயு நின்றது.
காரணம் வரவில்லை. மறுப்பும் வரவில்லை.
ஒருவருக்கு ஒரு காலையில் மனம் மாறியிருக்கிறது.
கையெழுத்து அவருடையது,
தலையெழுத்து இரண்டு நாட்டுடையது.
மருத்துவமனைகளில் மட்டும்
அந்தத் திட்டு வாங்கிய நிலக்கரி எரிந்தது.

நீர்மேல் எழுத்து என்று ஒப்பந்தத்தைக் கேலிசெய்தது ஒரு தலையங்கம்.
ஆற்றைப் பற்றிய ஒப்பந்தத்தை
வேறு எதன்மேல் எழுதுவதாம்?

வசந்தத்தில் மறுபடி உட்கார்ந்தோம்.
எங்கள் அமைச்சர் தேர்தலில் தோற்றிருந்தார்.
அவர் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்:
ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறார்,
வாரம் ஒரு கோபக் கடிதம்
பத்திரிகைக்கு எழுதுகிறார்.

யோல்கின் நாற்காலியில் ஓர் இளைஞன்.
அளவாய், பாதிக்கும் குறைவாய் ஊற்றினான்.
பழையவர் எங்கே என்று கேட்க
இரண்டு மொழியிலும் எனக்குச் சொல் இருந்தது.
நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது,
'பிற விஷயங்கள்'.
அதன்கீழ் வெள்ளைத்தாள்.
இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.